அந்தப் பக்கம் பார்த்தபடி

மழை கொட்டத் தொடங்குவதற்கு முன்பே கரெண்ட் போய்விட்ட ஒரு சாயங்காலம், இன்வெர்ட்டரும் கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கிய பிறகு, பூஜை அலமாரியைத் துழாவி ஒரு மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் எடுத்துப் பேத்தியிடம் நீட்டி ஏற்றச் சொன்னேன், அவள் பெட்டியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், பிறகு "எனக்குத் தெரியாது தாத்தா, நீங்களே ஏத்திடுங்க" என்று என் கையிலேயே வைத்துவிட்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள், ரோபோ செய்யக் கற்றுத்தரும் வகுப்புக்குச் சனிக்கிழமைதோறும் போகிறாள், பள்ளியில் நடந்த 'தீயில்லாச் சமையல்' போட்டியில் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வெள்ளரிக்காயும் தக்காளியும் அடுக்கிக் கொடுத்து வாங்கிய சான்றிதழ் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, அதன் மேல் 'வாழ்க்கைத் திறன்' என்று பொன்னிறத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நான் குச்சியை உரசினேன், சுள்ளென்று மருந்து நெடி மூக்கில் ஏறியது, அது அடங்குவதற்குள் நான் தாம்பரத்து அடுக்குமாடி வீட்டில் இல்லை, ஆலங்குடிப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டில், புகை படிந்து கறுத்த சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பாயியின் அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது, ஓடுகளுக்கு நடுவில் பதித்திருந்த ஒரே ஒரு கண்ணாடி ஓட்டின் வழியாகக் காலையில் வெளிச்சம் சாய்வாக இறங்கும், அதற்குள் புகை சுருண்டு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அந்த வெளிச்சம் நகர்ந்து வந்து அம்மியைத் தொட்டால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கணக்கு. அப்பாயியிடம் வெற்றிலையும் புகையிலையும் நல்லெண்ணெயும் கலந்த ஒரு வாசம் எப்போதும் இருக்கும், காதில் தண்டட்டி ஆடிக்கொண்டே இருக்கும், இடுப்பில் சுருக்குப் பை, அதற்குள் பாக்கும் சில்லறையும், எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒரு சாவியும். வீட்டில் பெண்பிள்ளை இல்லாததால்தான் அவள் என்னை அடுப்புப் பக்கம் விட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஒரு அக்காவோ தங்கையோ இருந்திருந்தால் நானும் தெருவில் கிட்டிப்புள் அடித்துவிட்டுத் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பேன். அம்மா இல்லை, அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை, மாதத்துக்கு ஒருதரம் வருவார், அப்பாயிக்கோ கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது, ஆகவே வேறு வழியில்லை.

பன்னாடையைக் கிழித்துச் சுருட்டி அடியில் வை, அதன் மேல் பாளைச் சிராய், அதற்கு மேல் கருவேல விறகு, நடுவில் காற்றுக்கு வழி விடு, குச்சியை உன்னைப் பார்க்க இழுக்காதே, வெளிப்பக்கமாகத் தள்ளிக் கிழி, பற்றினதும் தலையைக் கீழே சாய்த்தால் தீ தானாக மேலே ஏறும், இவ்வளவையும் அவள் சொன்னது ஒருதரம்தான். ஊதுகுழலை எடுத்து மூச்சைக் கட்டி ஊதினால் சாம்பல் பறந்து கண்ணில் விழும், நிதானமாக ஊதினால் கங்கு சிவக்கும், இதை அவள் சொல்லவே இல்லை, சாம்பல் சொல்லிக்கொடுத்தது. உழக்கால் அரிசி அளந்து, கல் பொறுக்கி, இரண்டு தண்ணீர் களைந்து, கழுநீரை மாட்டுத் தொட்டிக்கு ஒதுக்கி, உலை கொதித்ததும் அரிசியைப் போடவேண்டும். அதற்குப் பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, கேட்கத்தான் வேண்டும், முதல் கொதியில் பானை ததும்பும்போது ஒரு சத்தம், அரிசி வெந்து கஞ்சி கெட்டியாகும்போது சளசளப்பு குறைந்து தடித்த வேறொரு சத்தம், அப்பாயி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபடியே "சத்தம் மாறிருச்சுடா தம்பி, எடுத்து நசுக்கிப் பாரு" என்பாள். இன்றைக்குக் குக்கர் விசில் அடித்து எண்ணிக்கை சொல்கிறது, காதுக்கு வேலையில்லை.

வடிப்பதுதான் பெரிய காரியம். வெண்கலப் பானையின் வாயில் வடிதட்டை வைத்து, இரண்டு பக்கமும் கரித்துணியால் இறுக்கிப் பிடித்து, கஞ்சிச் சட்டியின் மேல் மெல்லச் சாய்க்கவேண்டும், ஆவி முகத்தில் அடிக்கும், தட்டு ஒரு நூல் நழுவினாலும் வயிறும் தொடையும் வெந்துபோகும், அதை ஒன்பது வயதுப் பையனிடம் கொடுக்கிற கிழவியை இன்றைக்கு யாராவது பார்த்தால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து அப்பாயி முற்றத்தில் போய்ப் புளி கொட்டை எடுக்க உட்கார்ந்துவிடுவாள், முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, இந்த உலகத்தில் புளியைத் தவிர வேறொன்றுமே இல்லாதவளாக. அவளுக்கு என் மேல் அக்கறை இல்லை என்று அப்போது நினைத்திருக்கிறேன், வயதான பிறகுதான் ஒன்று நினைவில் தட்டியது, எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும் அந்தத் தண்டட்டி, நான் பானையைச் சாய்க்கிற நேரத்தில் மட்டும் ஆடாமல் நிற்கும், கஞ்சி முழுக்க இறங்கி நான் பானையை நிமிர்த்திய சத்தம் கேட்டதும் மறுபடி ஆடத் தொடங்கும்.

சந்தைக்கு அனுப்புவதும் அப்படித்தான். காசை முந்தானை நுனியிலிருந்து அவிழ்த்து என் சட்டைப் பையில் போட்டு ஊக்கு குத்தி அனுப்புவாள், வெண்டைக்காய் நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடியவேண்டும், வளைந்தால் வைத்துவிடு, கத்திரிக்காய்க்குக் காம்பைப் பார், முருங்கைக்காயை லேசாக முறுக்கிப் பார், தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார், மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருந்தால்தான் காசை எடு. வாங்கி வந்ததைத் திண்ணையில் கொட்டி ஒவ்வொன்றாக விரலால் தடவுவாள், கண் மங்கியவளின் விரலுக்குத் தப்பிப் போன முற்றல் காய் ஒன்றுகூட இல்லை, ஆனால் வாயைத் திறந்து ஒரு குறை சொல்லமாட்டாள், அந்த முற்றலையே சீவி, புளி கரைத்து, கருவாடு போட்டுக் குழம்பு வைத்து எனக்கே ஊற்றுவாள், நாரை நான் பல்லிடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பாள்.

மாதத்தின் முதல் வாரத்தில் அப்பாவின் மணியார்டர் வரும். தபால்காரர் சைக்கிளைத் திண்ணையில் சாய்த்து, அப்பாயியின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி ரேகை வாங்கி, நோட்டுகளை எண்ணி என் கையில்தான் கொடுப்பார், ஃபாரத்தின் அடியில் செய்தி எழுதுவதற்கென்று விட்டிருக்கும் கொஞ்சூண்டு இடத்தில் அப்பா பொடி எழுத்தில் நாலு வரி நெருக்கியிருப்பார், அதைக் கிழித்துத் தருவார், நான் சத்தமாகப் படிக்கவேண்டும். மளிகைக்கு இவ்வளவு, பால்காரிக்கு இவ்வளவு, செட்டியார் கடைப் பாக்கி இவ்வளவு என்று ஒரு பழைய டைரியில் எழுதி, மாதக் கடைசியில் அப்பாயிக்குப் படித்துக் காட்டவேண்டும், எழுத்து தெரியாத அவள் கணக்கை மனசிலேயே கூட்டிக்கொண்டு வந்து, நாலணா இடிக்கிற இடத்தில் சரியாக நிறுத்துவாள். அந்த மணியார்டர் முறையைத் தபால் துறை 2015இல் நிறுத்திவிட்டது, இப்போது காசு சத்தமில்லாமல் ஒரு பொத்தானில் போய்ச் சேர்ந்துவிடுகிறது, வேகமான ஏற்பாடுதான், ஆனால் ஒரு வீட்டின் மாதச் செலவு எவ்வளவு என்று அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரிவதற்கு அதில் வழியே இல்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் பழைய காலம் பொற்காலம் என்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், அது பொய். எங்கள் ஊர்க் கடைசித் தெருவிலிருந்து என்னோடு படித்தவன் ஒருவன் இருந்தான், கிணற்றில் தலைகீழாகப் பாய்வான், வாளி உள்ளே விழுந்துவிட்டால் பாதாளக் கரண்டி இல்லாமலேயே மூழ்கி எடுத்து வருவான் (பாதாளக் கரண்டி ஊரில் இரண்டு வீட்டில்தான் உண்டு, இரவல் கேட்டால் ஒரு பாத்திரத்தைப் பிணையாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போகமுடியும்), ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பான், மூங்கிலைப் பிளந்து கூடை முடைவான், வானத்தைப் பார்த்து மழை எத்தனை மணிக்கு என்பான். அஞ்சாம் வகுப்போடு அவனை நிறுத்திவிட்டார்கள், அவனுக்குத் தெரிந்த எதற்கும் திறன் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அது அவன் வீட்டு வேலை, அவ்வளவுதான். நாங்கள் உரசிய தீப்பெட்டிகளுக்குச் சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் எங்கள் வயதுப் பிள்ளைகள்தான் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்ததுதான், அவர்கள் கையிலும் திறன் இருந்தது, பள்ளிக்கூடம்தான் இல்லை.

கைவேலையைக் கல்விக்குள் கொண்டுவருவது என்கிற பேச்சுக்கு நம் ஊரில் ஏன் இவ்வளவு கசப்பு ஒட்டியிருக்கிறது என்பதும் இதில்தான் இருக்கிறது. 1953இல் ராஜாஜி கிராமப் பள்ளிகளில் பாடநேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார், குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் தெருவில் இறங்கினார்கள், அடுத்த வருஷமே ராஜாஜி பதவியை விட்டுப் போக, காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, என் தோழனுக்கு மூங்கில் பிளக்கத் தனியாக யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை, அவனுக்கு வேண்டியது புத்தகமும் ஆறாம் வகுப்பு பெஞ்சில் ஓர் இடமும், அடுப்பும் அரிவாள்மணையும் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் என்னைப் போன்ற மேலத்தெரு ஆண்பிள்ளைகள், எங்களிடம்தான் யாரும் அதைக் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் இருந்தார், நெசவு வாத்தியார். நடுநிலைப் பள்ளியின் வடகோடி அறையில் ஒரு சின்னத் தறி கிடந்தது, பஞ்சும் கஞ்சிப் பசையும் பழைய மரமும் சேர்ந்த ஒரு புழுங்கல் வாடை அந்த அறைக்கு உண்டு, மேற்குப் பார்த்த ஜன்னலில் பிற்பகல் வெயில் விழும்போது பஞ்சுத் துகள்கள் மினுங்கிக்கொண்டு மிதக்கும், தூங்குவதற்குத் தோதான அறை, நாங்கள் பலபேர் தூங்கியும் இருக்கிறோம். அவர் ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் படித்து வந்தவர், கதர் வேட்டி, கதர்ச் சட்டை, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஓர் ஊசியும் கொஞ்சம் நூலும் எப்போதும் வைத்திருப்பார், வேட்டியில் கிழிசல் கண்டால் பாடத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து இழையோட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். 1937இல் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டைப் பற்றி, நேரில் போய் வந்தவர் மாதிரி பேசுவார், ஜாகிர் உசேன் தலைமையில் குழு போட்டது, தாய்மொழியில் ஏழு வருஷப் படிப்பு, நடுவில் ஒரு கைத்தொழில், கணக்கும் பூகோளமும் சரித்திரமும் அந்தத் தொழிலிலிருந்தே கிளம்பவேண்டும் என்று. பிள்ளைகள் செய்த பொருளை விற்றுப் பள்ளிச் செலவைச் சமாளிக்கலாம் என்று காந்தி நினைத்ததை அன்றைக்கே சிலர் குழந்தை உழைப்பு என்று சொன்னதுண்டு, அதை வாத்தியார் எங்களிடம் சொன்னதில்லை, நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவருடைய பெரிய பெருமை, பயிற்சிக் காலத்தில் மதுரைக்குத் தெற்கே கல்லுப்பட்டிக்குப் போய் ஜே. சி. குமரப்பாவைப் பார்த்தது. இலண்டனில் கணக்குத் தணிக்கைப் படிப்பும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் படித்துவிட்டு, காந்தியிடம் வந்து கிராமத் தொழில்களுக்கென்றே வாழ்ந்து, கடைசிக் காலத்தைக் கல்லுப்பட்டியில் கழித்த மனிதர், 1960 ஜனவரி 30 அன்று, காந்தி செத்த அதே தேதியில் போய்ச் சேர்ந்தார் என்று சொல்லும்போது வாத்தியாரின் குரல் கொஞ்சம் இறங்கும், உடனே தக்ளியை எடுத்துச் சுழற்ற ஆரம்பித்துவிடுவார். எங்களுக்குத் தக்ளியில் நூல் அறுந்துகொண்டே இருக்கும், நெய்த நாடா கோணிக்கொண்டு போகும், அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, நாங்கள் நெசவாளி ஆகப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். எட்டாம் வகுப்பை விட்டுப் போவதற்குள் ஒவ்வொரு பையனும் தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக் காட்டவேண்டும், மணியார்டர் ஃபாரம் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பவேண்டும், ரயில்வே கால அட்டவணையைப் பிரித்துப் புதுக்கோட்டையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று எடுத்துச் சொல்லவேண்டும், இந்த மூன்றில்தான் கறாராக இருந்தார். ஊசியைக் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார், விரலில் குத்திக்கொண்டு யாராவது 'ஸ்ஸ்' என்றால், "சின்ன ரத்தந்தான், வாயில வச்சுக்க, பொத்தான் எங்க?" என்பார், திரும்பமாட்டார்.

அந்த அறையை அப்புறம் தட்டுமுட்டுச் சாமான் போட வைத்துக்கொண்டார்கள், தறி விறகாகப் போயிருக்கும். 'சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி' என்று நீளமான ஒரு பெயரோடு வேறொரு பாடவேளை வந்தது, பெரும்பாலும் மைதானத்தில் காகிதம் பொறுக்கினோம்.

அத்தையின் சைக்கிளைப் பற்றிச் சொல்லாமல் இந்த நினைப்பு முடியாது. அப்பாயியின் ஒரே மகள், குடுமியான்மலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், அங்கன்வாடியில் வேலை, மூன்று கிராமம் தள்ளி நடந்து போய் நடந்து வருவாள். அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தை உலுக்கிக்கொண்டிருந்த நேரம் அது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார், எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன இயக்கம் கையோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி மைதானங்களில் கல்லுடைக்கிற பெண்களும் வயல் வேலைக்காரிகளும் நர்ஸம்மாக்களும் புடவையைச் செருகிக்கொண்டு ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள், மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அப்படிக் கற்றுக்கொண்டதாகப் பின்னால் எழுதினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, ஆகவே பாதிப் பேர் ஆம்பிளை சைக்கிளிலேயே ஏறினார்கள், அதில் இன்னொரு வசதியும் இருந்தது, முன்னால் இருக்கும் பாரில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம்.

1992 பொங்கலுக்கு நான் திருச்சியிலிருந்து போயிருந்தபோது, அறுப்பு முடிந்த வயல்களிலிருந்து வைக்கோல் வாசமும் சைக்கிள் சங்கிலியின் கிரீஸ் நாற்றமுமாக மைதானம் கிடந்தது, அத்தை மாமாவின் சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள், நாற்பதைத் தாண்டியவள், நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மாமா டீக்கடையில் உட்கார்ந்து, கேட்கிறவர்களிடமெல்லாம் அது தன் சைக்கிளே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு மூச்சு வாங்கியது, வியர்வை முதுகில் வழிந்தது, திரும்பிப் பார்க்காமலேயே பேசிக்கொண்டு வந்தாள், "உன்னய அடுப்படிக்குள்ள விட்டுச்சுல்ல உங்க அப்பாயி, என்னய சைக்கிள் பக்கம் விட்டுச்சா? எட்டு வயசுல உங்க அப்பன் சைக்கிளத் தொட்டதுக்குச் சூடு வைக்கிறேன்னு கரண்டிய எடுத்துச்சு, பிடிச்சது போதும், கைய விடுடா." விட்டேன். கொஞ்ச தூரம் நேராகப் போனாள், பிறகு கொடிக்கம்பத்தை நோக்கிப் போனாள், எப்படியோ அதைத் தாண்டியும் போனாள்.

அன்றைக்கு அப்பாயி அத்தை வீட்டில்தான் இருந்தாள், கண் முழுக்க மறைந்துவிட்டிருந்தது, திண்ணையில் சாய்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள் என் செருப்புச் சத்தம் கேட்டதும் "விழுந்தாளா?" என்றாள். இல்லை என்றேன். "விழுவா," என்று சொல்லிவிட்டு உலக்கையை மறுபடி எடுத்துக்கொண்டாள், அவள் குரலில் ஆசை இருந்ததா, சாபம் இருந்ததா, சொல்ல முடியவில்லை, காதுத் தண்டட்டியைப் பார்த்தேன், ஆடிக்கொண்டுதான் இருந்தது. மகளை எதிலும் திரும்பி நின்று தனியாக விடாதவள் பேரனை விட்டிருக்கிறாள் என்பது அந்தத் திண்ணையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, அத்தைக்கு அது எட்டு வயதிலேயே உறைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அத்தை கேரியரில் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தாள், ரேஷன் மூட்டை கொண்டுவந்தாள், ஒரு ராத்திரி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது பாரில் தாயையும் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தாள், மாமா மறுபடி சைக்கிளைத் தன்னுடையது என்று சொல்ல ஆரம்பித்தார்.

கரெண்ட் எப்போது வந்தது என்று தெரியவில்லை, மெழுகுவத்தி பாதி கரைந்திருந்தது, பேத்தி செல்போன் வெளிச்சத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவள் விளக்கு எரிந்ததும் வத்தியை ஊதி அணைத்துவிட்டுப் போய்விட்டாள். எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் கோடை விடுமுறை முகாமுக்கு விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள், பணத்தைக் கையாளுதல், நேரத்தைக் கையாளுதல், படுக்கை மடித்தல், தன்னம்பிக்கையோடு பேசுதல், எல்லாம் குளிரூட்டிய அறையில், பிள்ளைகள் பொம்மை நோட்டுகளை வைத்துப் பொம்மைக் கடையில் பொம்மைக் காய் வாங்குகிறார்கள், புகைப்படம் எடுத்து அம்மாக்களின் குழுவில் போடுகிறார்கள். கற்றுத்தருகிற பெண் நல்ல பெண், பாடுபட்டுத்தான் செய்கிறாள், அவள் மேல் குறையில்லை. அந்தப் பிள்ளைகள் வாங்காவிட்டால் அன்றைக்கு எந்த வீட்டிலும் குழம்பு நிற்கப்போவதில்லை, அதுதான் குறை, அதை அவளால் எப்படிச் சரிசெய்ய முடியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும்போது பேத்தியையும் கூட்டிப் போனேன், வெண்டைக்காய்க்கு நுனி, கத்திரிக்காய்க்குக் காம்பு என்று பஸ்ஸிலேயே ஒருதரம் சொன்னேன், இருநூறு ரூபாய் கொடுத்தேன், இதுதான் இன்றைக்குக் குழம்புக்கும் கூட்டுக்கும், வேறு காய் வீட்டில் இல்லை என்றேன், அது உண்மைதான், இல்லாதபடி பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடை பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது, மாட்டுச் சாணமும் கொத்தமல்லியும் டீசலும் கலந்த அந்தத் தெருவில் ஆட்டோக்கள் ஒலிக்கிற ஒலிக்கெல்லாம் தலை தானாகத் திரும்பப் பார்த்தது, டீயைப் பிடித்திருந்த கை அசையாமல் நின்றுவிட்டிருந்ததை டீக்கடைக்காரர் சொல்லித்தான் கவனித்தேன், "சார், ஆறிப்போச்சு, மாத்தித் தரவா?" பின்னால் காய்க்காரம்மாவின் சத்தம் கேட்டது, "எல்லாத்தையும் ஒடிச்சா நான் யாருக்கு விக்கிறது பாப்பா?" அதற்குப் பேத்தி என்னவோ சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, காய்க்காரம்மா சிரித்தது மட்டும் கேட்டது.

வந்தாள். வெண்டைக்காயில் பாதி பிஞ்சு, பாதி முற்றல், கத்திரிக்காய் நன்றாக இருந்தது, தக்காளி தேவைக்கு மேல், கறிவேப்பிலையும் ஒரு துண்டு இஞ்சியும் கொசுறு, மீதிச் சில்லறையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்ததில் கை வியர்த்திருந்தது. பையை வாங்கி ஒருதரம் விரலால் துழாவினேன், ஒன்றும் சொல்லவில்லை. "சொல்லுங்க தாத்தா, எத்தன மார்க்?" என்றாள், மார்க் எதுவும் இல்லை, மத்தியானம் சாப்பிடும்போது தெரியும் என்றேன், அவளுக்கு அது பிடிக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது என் மகள் போனில் கூப்பிட்டாள், அவளுடைய தோழி யாரோ மார்க்கெட்டில் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள், "அப்பா, அவளத் தனியா அந்தக் கூட்டத்துல விட்டுட்டு நீங்க எங்கேயோ பாத்துக்கிட்டு நின்னீங்களாமே, என்னப்பா இது, ஏதாவது ஆயிருந்தா?" நியாயமான கேள்வி, பதில் சொல்லத் தொடங்கினால் ஆலங்குடி வரைக்கும் போகவேண்டியிருக்கும், நான் போனைப் பேத்தியிடம் கொடுத்து, "உங்க அம்மா கேக்குறா, நீயே சொல்லு," என்றேன், அவள் சில்லறையை என்னிடம் தராமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "அம்மா, மொதல்ல வெண்டைக்கா என்ன வெலன்னு கேளு," என்று ஆரம்பித்தாள்.